இ பிளாக் குடங்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கு எனக்கு உத்தியோகம் கிடைத்தது. கழுத்தில் அடையாள அட்டை. போட்டோவில் என் முகம் வறுத்த வவ்வால் மீன் மாதிரி இருக்கிறது. பரவாயில்லை, நல்ல மொறுமொறுப்பு. 'நகர்ப் புத்தாக்கத் திட்டம், மக்கள் ஒருங்கிணைப்பாளர்' என்று போட்டு, கீழே பொடியாக டில்லிபாய் என்று போட்டிருக்கிறார்கள். மூணாங்கிளாஸ் படித்தவள் அதை எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் டீ ஆறிப்போனது.

வேலை இதுதான். கோணிமேடு ஹவுசிங் போர்டில் எங்கள் இ பிளாக்கை இடித்துவிட்டு அதே இடத்தில் லிஃப்ட் வைத்த புதுக் கட்டடம் வரப்போகிறது. அதுவரை எல்லோரும் வெளியில் வாடகைக்கு இருந்துவிட்டுத் திரும்பி வரணும். போ என்றால் எவன் போவான்? சிரிக்கச் சிரிக்கப் பேசிப் போக வைக்கத்தான் நான்.

கம்பெனி ஆபீசர் மைதிலி மேடம், என் மகள் வயசுதான் இருக்கும். "டில்லியம்மா, நீங்க திட்டினாக்கூட ஜனங்க சிரிக்கிறாங்க. அந்தத் திறமைதான் எங்களுக்கு வேணும்" என்றாள். "உங்க பையில இருக்கிற தயிர்சாதம் கெட்டுப்போச்சு மேடம், சாப்பிடாதீங்க" என்றேன். திறந்து பார்த்தாள், கெட்டுத்தான் போயிருந்தது. என் மூக்கு அப்படி. மீன் வறுத்த மூக்கு.

தினமும் நடப்பதை எழுது என்று இந்த டைரியைக் கொடுத்தாள். வாரா வாரம் வாங்கிப் படிப்பாளாம்.

கட்டடம் இடிக்கவேண்டியதுதான். போன மழையில் இரண்டாம் மாடிக் கூரை பெயர்ந்து காதர் பாய் தலையில் விழுந்தது. சாப்பிட உட்கார்ந்த மனுஷன். தட்டில் சோறும் சிமெண்ட்டும் ரத்தமும் ஒன்றாகக் கிடந்ததை நான்தான் கழுவிவிட்டேன்.

கேட் ஓரத்தில் என் மீன் கடை வாணலியைத் தேய்த்துக் கவிழ்த்தாச்சு. இனிமேல் நான் ஆபீஸ்.

மார்ச் 7

வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டில் பாத்திரம் கழுவின தண்ணி. இரண்டாவது வீட்டில் வசவு. மூன்றாவது வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் புது வீடு யார் பேரில் வரும் என்று என் கண் முன்னாலேயே கட்டிப் புரண்டார்கள். தம்பி அண்ணன் காதைக் கடித்துத் துப்பிவிட்டான். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "இந்தாப்பா, இது யார் பேர்ல எழுதணும்?" என்று கேட்டேன். அண்ணன்காரன் ரத்தம் வழியச் சிரித்தான். அப்புறம் மயங்கி விழுந்தான்.

மேடம் சொன்ன திறமை இதுதான் போல.

மார்ச் 9

மேடம் டைரியைக் கேட்கவில்லை. மறந்துவிட்டாள். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மார்ச் 12, புதன்

மூன்றாம் மாடி ஏறினேன். சம்பூரணம் வீடு.

சம்பூரணம் கரிப் பெட்டி வைத்து இஸ்திரி போடுகிறவள். இந்த பிளாக்கில் எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி. என் இடது புருவத்தில் இருக்கிற வெட்டுத் தழும்பும் அவள் போட்டதுதான். நான் கலியாணம் ஆகி வந்த புதுசில் தண்ணி லாரி வரிசையில் அவள் குடத்தை ஒரு சாண் தள்ளி வைத்தேன். அப்போது எவர்சில்வர் குடம். அதாலேயே ஒரு அடி. அப்புறம் தையல் போட என்னைத் தோளில் சாய்த்துக் கூட்டிப்போனவளும் அவள்தான். அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டோம்.

"இன்னாடி, கழுத்துல நாய்ப் பட்டை கட்டிக்கினு வந்துகீற?"

"பட்டை இல்லடி, லைசென்சு. இனிமே யாரை வேணா கடிப்பேன்."

"எங்க, என்னைக் கடி பாப்போம்."

அவள் சிரிக்கவில்லை. விஷயம் எனக்கும் தெரியும். அந்த வீடு அவள் புருஷனுடைய மூத்த சம்சாரத்தின் பேரில் இருக்கிறது. மூத்தவள் எப்போதோ ஓடிப்போனாள், புருஷன் குடித்துச் செத்தான். சம்பூரணம் பேர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

"நான் இங்கேர்ந்து எறங்கிட்டா, திரும்பி வர சொல்ல எவன் உள்ள வுடுவான்? நீ சொல்லு, கம்பெனிக்காரி."

"நான் வுடுவேன்டி. உனக்கு வூடு வராம புதுக் கட்டடத்துல நான் கால் வெக்க மாட்டேன். இந்த வாணலி புடிச்ச கை மேல சத்தியம்."

"சட்டிக்காரி சத்தியம் எண்ணெய் காயற வரைக்கும்" என்று சொல்லிவிட்டு ஒரு காக்கிச் சட்டையின் காலரை அழுத்தித் தேய்த்தாள்.

மார்ச் 13

மேடத்திடம் கேட்டேன். இடிக்கிறவரைக்கும் அங்கே குடியிருந்தார் என்று அதிகாரி முன்னால் யாராவது சொன்னால் பேர் சேர்க்க வழி இருக்கிறதாம். "ஆனா இப்ப அதுக்கெல்லாம் நேரம் இல்ல டில்லியம்மா. முதல்ல காலி பண்ணட்டும், அப்புறம் பாக்கலாம்."

செருப்பு அறுந்தது.

மார்ச் 19

பன்னீர் வந்துவிட்டான். இடிக்கிற காண்ட்ராக்ட் அவனுக்கு. இடிக்கிறதுக்குக் கூலி கிடையாது, அதற்குப் பதில் உள்ளே இருக்கிற கம்பி, கதவு, ஜன்னல் எல்லாம் அவனுக்கு. அதனால் பந்தியில் இலை போடுவதற்கு முன்னாலேயே உட்கார்ந்தவன் மாதிரி ஒரு அவசரம். மீசை, வெயிலில் காய்ந்த பெயின்ட் பிரஷ்.

அவன் தொழில் முறை முதலில் கக்கூஸ். பீங்கானைச் சம்மட்டியால் உடைத்துவிட்டால் ஜனங்கள் தானாக இறங்கிவிடுவார்களாம். கோவிந்தம்மா உள்ளே இருக்கும்போதே கதவைப் பிளந்தார்கள். பீங்கான் சில்லு தெறித்துத் தொடை கிழிந்து, பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மகன் அரிவாள்மனையோடு ஓடிவந்தான். பன்னீரின் ஆள் ஒருத்தன் சம்மட்டியைத் தாழ வீசி அவன் முழங்காலில் அடித்தான். தேங்காய் உடைகிற சத்தம். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை கத்தின கத்தல்.

"மாப்ளே, நீ பொறந்தப்பவும் உங்க அம்மா இப்படித்தான் கத்தியிருப்பா. அவளுக்காவது ஒரு புள்ளை கெடைக்கும்னு நெனைப்பு" என்றேன் பன்னீரிடம்.

அவன் என் அட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். "அக்கா, நீயும் நானும் ஒரே கம்பெனி. நீ வாயால காலி பண்ற, நான் கையால."

மேடத்துக்குப் போன் போட்டேன். அது வேற காண்ட்ராக்ட், நமக்குச் சம்பந்தம் இல்லை என்றாள். "ஆமா மேடம், கை வேற வாய் வேறதான். சாப்பாடு மட்டும் ஒண்ணு" என்றேன். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 20

நடைபாதையில் ரத்தம் காய்ந்து பிசுபிசு. பினாயில் இரண்டு பாட்டில்.

மார்ச் 24, திங்கள்

இன்றைக்கு எனக்கு ஒரு ஐடியா வந்தது. இந்த மண்டையிலும் சரக்கு இருக்கிறது.

கையெழுத்துப் போடச் சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை. கம்பெனிக் காகிதம், நாளைக்கு இல்லை என்பான். எங்கள் ஜனம் எதை நம்பும்? குடத்தை நம்பும். லாரி வருவதற்கு முன்னால் குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு மேலே போய்க் குழம்பு தாளிப்போம், பிள்ளைக்குத் தலை வாருவோம். குடம் நமக்காக நிற்கும். எவ்வளவு பெரிய ரவுடியானாலும் அடுத்தவள் குடத்தைத் தொட மாட்டான். தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் புருவமே சாட்சி.

அதனால் சொன்னேன்: காலி பண்ணுகிற ஒவ்வொரு வீட்டுக்காரியும் ஒரு குடத்தில் வீட்டு நம்பரை எழுதி கேட் ஓரம் தகரக் கொட்டகையில் வரிசையில் வை. புதுக் கட்டடத்தில் அந்த வரிசைப்படி சாவி. நானே என் ஊதாக் குடத்தை முதலில் வைத்தேன். சாமான்களை என் தங்கை வீட்டுக்கு ஏற்றிவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் கோவிந்தம்மா குடம் வந்தது. மகன் கால் மாவுக்கட்டில், ஆட்டோவில் இருந்தபடியே கையைக் காட்டினான்.

மார்ச் 30

குடம் குடமாக வருகிறது. சிவப்பு, மஞ்சள், நீலம். காது கடிபட்ட அண்ணனும் கடித்த தம்பியும் ஆளுக்கொரு குடம் வைத்து நடுவில் ஒரு முழம் இடம் விட்டிருக்கிறார்கள்.

மேடம் வந்து விதவிதமாகப் போட்டோ எடுத்தாள். பெரிய ஆபீஸில் காட்டி எல்லோரும் கை தட்டினார்களாம். "வருஷப் பிறப்புக்குள்ள கட்டடம் கைக்கு வந்துட்டா, உங்களைப் பர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதியிருக்கேன். அடுத்து எஃப் பிளாக், ஜி பிளாக். உங்களுக்கு இதுல நல்ல எதிர்காலம் இருக்கு டில்லியம்மா."

இந்த வயசில் எனக்கு எதிர்காலம். கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

பாக்கி ஒரு வீடு. மூன்றாம் மாடி.

ஏப்ரல் 3, வியாழன்

இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறின மாதிரி இருக்கும். வலது தோள் வீங்கியிருக்கிறது.

பன்னீர் இரண்டு பேரோடு சம்பூரணம் வீட்டுக்கு ஏறினான். நானும் பின்னாலேயே ஓடினேன். அவள் முடியைப் பிடித்து இழுத்தான். அவள் இஸ்திரிப் பெட்டியைத் திறந்து கங்கு முழுவதையும் அவன் கழுத்தில் கொட்டினாள். சதை பொசுங்குகிற வாசனை. எனக்கு மீன் கடை ஞாபகம் வந்தது, கடவுளே, அப்போதும் எனக்கு அதுதான் ஞாபகம். அவன் ஊளையிட்டுக்கொண்டே அவள் வலது கையைப் பிடித்துக் கதவு இடுக்கில் வைத்துக் கதவை உதைத்தான். இரண்டு தடவை. விரல் இரண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

நான் அவன் கையைக் கடித்தேன். லைசென்சு இருக்கிறதே. அவன் முழங்கையால் கொடுத்ததில் என் முன்பல் ஒன்று அவன் சட்டைப் பையிலேயே விழுந்துவிட்டது. "வெச்சுக்கோ மாப்ளே, நம்ம கம்பெனி இனாம்" என்றேன். ரத்தத்தோடு சொன்னதால் அவனுக்குப் புரியவில்லை. என்னை மாடிப்படியில் தள்ளிவிட்டான்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரி. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சம்பூரணம் கேட்டாள்: "பல்லு போன பின்னாடி நீ கொஞ்சம் அழகாத்தான் கீற. என்னை ஏன்டி காப்பாத்தின? நான் எறங்குனாத்தானே உனக்குப் பர்மனென்டு?"

"ரெண்டும் வேணும்டி எனக்கு."

"ரெண்டு குடத்தை ஒரு ஆள் வரிசைல வெக்கக் கூடாது. தெரியும்ல?"

ஏப்ரல் 7

மேடம் போன். வருஷப் பிறப்பு லீவுக்கு முன்னால் மெஷின் வருகிறது, பதினொன்றாம் தேதி. "மூணாவது மாடி?" என்று கேட்டாள். "பேசிக்கினு இருக்கேன் மேடம்" என்றேன்.

ஏப்ரல் 9, புதன்

சம்பூரணம் குடம் வந்துவிட்டது!

பச்சைக் குடம், இஸ்திரிப் பெட்டி பட்டு வாய் உருகிக் கோணினது. ஊரிலேயே அப்படி ஒரு குடம் அதுதான். இடது கையால் தூக்கிவந்து வரிசையின் கடைசியில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பிப் படி ஏறிப் போனாள்.

சாமான் எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். மேடத்துக்கு உடனே போன் போட்டேன். மேடம் போனிலேயே கூத்தாடினாள்.

ஏப்ரல் 10

மேலே போய்ப் பார்க்கவில்லை. தோள் வலி, படி ஏற முடியாது.

ஏப்ரல் 11

எழுதவில்லை.

ஏப்ரல் 12, சனி

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கலைந்துபோகும்.

காலையில் மேடம், போர்டு ஆபீசர், மஞ்சள் மெஷின், பன்னீரும் ஆட்களும். பன்னீர் கழுத்தில் வெள்ளைக் கட்டு, பாதிரியார் மாதிரி. நான் புதுப் புடவை, போட்டோ எடுப்பார்களே என்று.

"எல்லாரும் காலி பண்ணிட்டாங்கதானே டில்லியம்மா?"

வரிசையைப் பார்த்தேன். எல்லாக் குடமும் இருந்தது. கடைசியில் வாய் கோணின பச்சைக் குடம்.

கரி வாசனை லேசாக வந்தது. பக்கத்துத் தெருவில் டீக்கடை இருக்கிறது. அங்கே கேஸ் அடுப்புக்கு மாறி ரொம்ப நாள் ஆகிறது. ஆனாலும் டீக்கடை இருக்கிறது.

"போயாச்சு மேடம். குடமே சாட்சி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மெஷின் கையை நீட்டி மூன்றாம் மாடிச் சுவரில் ஒரு கடி கடித்தது. சுவர் அலமாரிக் கதவு மாதிரித் திறந்துகொண்டது. உள்ளே சம்பூரணம். மேஜையில் ஒரு சட்டை. கட்டுப் போட்ட வலது கை நெஞ்சோடு, இடது கையில் இஸ்திரிப் பெட்டி. கீழே பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. அவ்வளவு உயரத்திலிருந்து யாரைப் பார்க்கிறாள் என்று எப்படித் தெரியும்? சட்டை பொசுங்கிவிடுமே என்று பெட்டியை நிமிர்த்தி வைக்கப் பார்த்தாள். அப்போது தரை போனது.

சத்தம் முதலில், தூசு அப்புறம். மெஷின்காரர் குதித்து ஓடிவிட்டார். மேடம் வாந்தி எடுத்தாள். நான் ஓடியது எனக்கு ஞாபகம் இல்லை. கையில் நாலு நகம் இல்லை, அதனால் ஓடித் தோண்டியிருக்கிறேன்.

அவள் முகம் வெள்ளையாக, மாவில் புரட்டின மீன். இடது கால் ஸ்லாபுக்கு அடியில். கம்பி ஒன்று தொடையில் ஏறி அந்தப் பக்கம் வந்திருந்தது. ரத்தம் சிமெண்ட்டோடு குழைந்து சாந்தாகிவிட்டது. ஸ்லாபைத் தூக்கத் தெரிந்தவன் அங்கே பன்னீர் ஒருத்தன்தான். கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான், கழுத்துக் கட்டில் ரத்தம் ஊறியது. நெம்பிக்கொண்டே என்னிடம் கேட்டான்:

"அக்கா, நீதானே போயாச்சுன்ன?"

"மூச்சை வீணாக்காத மாப்ளே. தூக்கு."

தூக்கினான்.

ஏப்ரல் 14, திங்கள். வருஷப் பிறப்பு

சம்பூரணத்தின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். என் தங்கை மாங்காய்ப் பச்சடி கொடுத்தனுப்பினாள். வராண்டாவில் வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன்.

மத்தியானம் கண் முழித்தாள். முதல் பேச்சு:

"என் குடத்தை எவனாவது நகத்துனானா?"

"இல்லடி. அப்படியே கீது."

"நான் குடத்தை வெச்சிட்டு வூட்டுக்குத்தானே போனேன். லாரி வந்தா எறங்கலாம்னு. நீ கூப்புடுவன்னு பாத்தேன்."

"குடம் இருந்துச்சேடி. நான் நீ போய்ட்டன்னு..."

"காலைல பெட்டிக்குக் கரி மூட்னேன். நாலு தெரு தாண்டி எவ வூட்லயோ கருவாடு தீஞ்சாலும் சொல்ற மூக்காச்சே உன்னுது" என்றாள்.

நான் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். தோலை ஒரே சுருளாக, அறுபடாமல் எடுத்தேன்.

ஏப்ரல் 15

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பல் இல்லாததால் இருக்கும்.

ஏப்ரல் 17

மேடம் ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு வந்தாள். கண்ணெல்லாம் வீக்கம். பர்மனென்ட் ஆர்டர் வந்துவிட்டதாம். செவ்வாய்க்கிழமை விசாரணை. நான் ஒன்றுதான் சொல்லவேண்டும்: சம்பூரணம் காலி பண்ணிக் குடம் வைத்துவிட்டுப் போய், அப்புறம் யாருக்கும் தெரியாமல் பழைய வீட்டுக்குள் திரும்ப நுழைந்தாள்.

"அப்போ அவளுக்குப் புது வூடு?"

"அத்துமீறி நுழைஞ்சவங்கன்னு ஆயிடும். கிடைக்காது. ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனி பாத்துக்கும்." அழுதாள். "இல்லேன்னா நீங்களும் நானும் ரெண்டு பேரும் மாட்டுவோம் டில்லியம்மா. தெரிஞ்சே சொன்னதா ஆயிடும்."

"அழாதீங்க மேடம், மை கரையுது. பேய்ப் படத்துக்கு ஆள் தேடுறாங்க, இட்டுக்கினு பூடப் போறாங்க."

அவள் சிரித்தாள். நான் திட்டினாலும் ஜனங்கள் சிரிப்பார்கள். அதற்குத்தானே வேலை கொடுத்தார்கள்.

ஏப்ரல் 19, சனி

குடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கோணிமேட்டுக்குப் போனேன். பன்னீர் ஆட்கள் தகரக் கொட்டகையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் குடங்களை உதைத்து உதைத்து ஒரு குவியலாகச் சேர்த்து மிதித்து நசுக்கிக்கொண்டிருந்தான். பழைய பிளாஸ்டிக்குக்குப் போடப்போகிறானாம்.

"அது வரிசைடா."

"வரிசையாவது மயிராவது. கம்பெனில கேட்டாச்சு. குடத்துக்கெல்லாம் எவன் வூடு தருவான்? அந்தம்மா போட்டோ எடுத்துக்கிச்சு, அவ்ளோதான்."

கவிழ்த்து வைத்திருந்த என் இரும்பு வாணலி கேட் ஓரத்திலேயே இருந்தது. இரண்டு கையாலும் தூக்கி அவன் மண்டையில் இறக்கினேன். உட்கார்ந்துவிட்டான். அடுத்தவன் என் வயிற்றில் உதைத்தான். நான் எழுந்திருக்காமலே அவன் கணுக்காலில் வாணலி விளிம்பால் வெட்டினேன். பன்னீர் வந்து என் முடியைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினான், பழைய தழும்பு பிளந்து கண்ணுக்குள் ரத்தம். ஒன்றும் தெரியவில்லை. தெரியாமலே அவன் கழுத்துக் கட்டைத் தேடிப் பிடித்தேன். தீப்பட்ட புண். விரலை உள்ளே விட்டு இழுத்தேன். நகம் இல்லாத விரல்தான், போதுமாக இருந்தது.

அதற்குள் மார்க்கெட்டில் இருந்த கோவிந்தம்மா மீன் வெட்டுகிற கத்தியோடு வந்துவிட்டாள். பின்னால் இன்னும் பொம்பளைகள். பன்னீர் மண்டியிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு, "குடத்தை வுட்டுடுங்கடா" என்றான் ஆட்களிடம்.

பொம்பளைகள் அவரவர் குடத்தை எடுத்து, நசுங்கினதை உள்ளிருந்து குத்தி நிமிர்த்தி, பழைய வரிசையிலேயே வைத்தார்கள். ஒரு சண்டை இல்லை. பச்சைக் குடத்தை யாரும் தொடவில்லை. அது மட்டும் உதை படாமல் ஓரத்தில் நின்றிருந்தது, அதே இடத்தில்.

ஏப்ரல் 22, செவ்வாய்

விசாரணை. புருவத்தில் தையல், முன்பல் இல்லை. அதிகாரி பயந்துபோய் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நல்ல மனுஷன்.

"குடம் வரிசையில இருந்தா, ஆள் காலி பண்ணிட்டுப் போய்ட்டாங்கன்னு அர்த்தமா?"

மேடம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் என் அட்டை கனத்தது, கால் கிலோ மீன் கட்டித் தொங்கவிட்ட மாதிரி.

"இல்ல சார். குடம் வரிசைல கீதுன்னா ஆள் வூட்ல கீதுன்னு அர்த்தம். ஆள் வந்து நிக்க முடியாததாலதானே சார் குடம் நிக்குது?"

"அப்ப அவங்க வீட்டைக் காலி பண்ணவே இல்ல?"

"இல்ல சார். இடிக்கிற நிமிஷம் வரைக்கும் அங்கதான் குடியிருந்தா. இஸ்திரி போட்டுக்கினு இருந்தா. நான் பாத்தேன், எல்லாரும் பாத்தாங்க."

"குடத்துக்கு இதுதான் அர்த்தம்னு உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"கலியாணம் ஆகி வந்ததுலேர்ந்து சார்."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படின்னா அன்னிக்குக் காலைல, தெரிஞ்சேதான் போயாச்சுன்னு சொன்னீங்களா?"

நான் சொன்ன பதிலை இங்கே எழுதவில்லை. அவர்கள் எழுதிக்கொண்டார்கள், அது போதும்.

ஏப்ரல் 23

அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். போட்டோவை மட்டும் கேட்டேன், மொறுமொறுப்பாக இருக்கிறதே என்று. தரவில்லை.

மே 6

சம்பூரணம் பேரைச் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. குடியிருந்தவர் என்று அவள் பேர், அவள் அப்பா பேர். மூத்தவள் பேர் இல்லை. பன்னீரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். என் மேலும் மேடம் மேலும் கேஸ் இருக்கிறது, கூப்பிடும்போது போகணும்.

ஆஸ்பத்திரிக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். சம்பூரணம் என்னிடம் பேசி நாளாகிறது. இன்றைக்கும் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தாள்.

"என் ஊதாக் குடத்தை எடுத்துட்டேன்டி" என்றேன். "முதல்ல இருந்துச்சுல்ல. எடுத்துக் கடைசில, உன் பச்சைக்குப் பின்னாடி வெச்சுட்டேன்."

சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்: "என்னுதைத் தொட்டியா?"

"தொடல. புருவத்துல இன்னொரு தையலுக்கு இடம் இல்லடி."

"ம்."

அவ்வளவுதான். அந்த ஒரு ம்.

மே 9, வெள்ளி

கேட் ஓரத்தில் மறுபடி வாணலி ஏற்றிவிட்டேன். ஒரு பக்கம் நசுங்கி இருக்கிறது, மண்டைக்கு ஏற்ற மாதிரி. எண்ணெய் அந்தப் பக்கமே சாய்கிறது, மீன் ஒரு பக்கம் கருகுகிறது. யாரும் குறை சொல்லவில்லை.

அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டுகிறார்கள். புது காண்ட்ராக்டர் ஆள் ஒருத்தன் வந்து, இவ்வளவு குடம் ஏன் வெயிலில் கிடக்கிறது என்று கேட்டான். கிடக்கவில்லை, நிற்கிறது என்றேன். சாயங்காலம் கடை முடிந்ததும் வீட்டுக்குப் போகவேண்டியதுதானே, குடத்தை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்றான்.

குடம் நின்றால் ஆள் வீட்டில் இருக்கும். இங்கே வீடு இல்லை. அதனால் நான் குடத்தோடு நிற்கிறேன்.